மூத்தவளை வெளியே கொண்டுபோகிற நாள்

மூதேவி என்ற சொல்லை என் வாயால் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. சொன்னது பெரும்பாலும் ஒரே ஆளைத்தான். என் தங்கையை. அவள் பிறந்தபோது எனக்கு ஏழு வயது. அவளுக்கு ஏழு வயதானபோது நான் அந்தச் சொல்லைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அம்மா சொல்லக் கேட்டது. அம்மாவுக்கு அவள் அம்மா சொல்லியிருப்பாள். அர்த்தம் கேட்டுக்கொண்டா ஒரு சொல்லைச் சொல்கிறோம்? தலை வாராமல் திரிகிறவள், உடுத்திய பாவாடையைக் கழற்றிய இடத்திலேயே வட்டமாக விட்டுவிட்டுப் போகிறவள், தின்ற வட்டிலில் கை காய்கிற வரைக்கும் உட்கார்ந்து கதை பேசுகிறவள், இவளுக்கெல்லாம் எங்கள் பக்கத்தில் அதுதான் பேர்.

அவளுக்கு அது உறைக்கவே உறைக்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஒரு சடை அவிழ்ந்து ஒரு சடை நிற்க, வாசலில் நின்று சத்தம் போடுவாள்.

"அக்கா, மூதேவி வந்திருக்கறேன். சோறு போடு."

அம்மா கூடச் சிரித்துவிடுவாள். நான் சிரிக்க மாட்டேன்.

எங்கள் வீடு கேரளத்தில் இருக்கிறது. கிணற்றுமேட்டில் ஏறி நின்றால் தெரிகிற தென்னந்தோப்பு தமிழ்நாடு. வேலந்தாவளத்துச் சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர்களில் வயசாளிகள் சிலர் போன வருஷம் வரைக்கும் எங்கள் வீடு வந்ததும் மாட்டை அந்தப் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள், சாணி விழுந்துவிடக் கூடாதென்று. அப்படி வைத்திருப்பேன் வாசலை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். எனக்குப் படிப்பு இல்லை. பிள்ளை தங்கவில்லை. வீட்டுக்காரர் போய் இருபது வருஷமாகிறது. இந்த ஒன்று இருந்தது.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மலையாளத்துக்காரர்களிடமிருந்து எங்கள் முன்னோர் எடுத்துக்கொண்டதாக இருக்கலாம். அவர்கள் அந்த மாதத்தைக் கர்க்கடகம் என்பார்கள். அன்றைக்குக் காலையிலிருந்து வீட்டை அடிமுதல் நுனிவரை துடைத்துக் கழுவுவோம். சாயங்காலம் ஆனதும், பிய்ந்த முறம் ஒன்றை எடுத்து, அதில் தேய்ந்த சீமாறு, கிழிந்த பாய், அடுப்புச் சாம்பல், சீப்பில் சிக்கிய முடி, விண்ட சட்டி, இப்படி வீட்டில் எதெது உதவாமல் கிடக்கிறதோ அதையெல்லாம் வைக்கவேண்டும். வீட்டிலுள்ள பெண்களில் மூத்தவள் அதை எடுத்துக்கொண்டு எல்லா அறையிலும் ஒரு சுற்றுச் சுற்றி, "சேட்டை வெளியே" என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டி, மூன்று தடம் கூடுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள். சேட்டை என்றால் மூதேவிதான். திரும்பிப் பார்க்கக் கூடாது. இளையவள் வாசலில் குத்துவிளக்கை ஏற்றிக் கையில் பிடித்தபடி நிற்பாள். மூத்தவள் கால் கழுவி வந்ததும், "சீதேவி உள்ளே" என்று சொல்லி விளக்கோடு முன்னால் நடப்பாள். முறத்தில் போனது எதுவானாலும் அது மறுபடி வீட்டுக்குள் வரக் கூடாது. வந்தால் மூதேவியும் கூடவே வந்துவிடுவாள், அந்த வருஷம் முழுக்கப் போகமாட்டாள் என்பார்கள்.

சின்ன வயதில் அம்மா முறம் எடுப்பாள், நான் விளக்குப் பிடிப்பேன். அம்மா போன பிறகு முறம் எனக்கு வந்தது. விளக்குப் பிடிக்க ஆளில்லை. தங்கையைக் கம்பத்துக்கு மேலே மலையிலிருக்கிற வண்டன்மேட்டுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். சந்தைக்கு மாடு வாங்க வந்த உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளைக்கு ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி வேலை. அங்கே போய்த் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒற்றை அறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தாள். அவளுக்கும் பிள்ளை தங்கவில்லை. மாப்பிள்ளை நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு சாக்கு மூட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். வாசலில் நின்று, அதே சத்தம்.

"அக்கா, மூதேவி வந்திருக்கறேன்."

நான் அன்றைக்குச் சிரித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

மூன்று வருஷம் சேர்ந்து இருந்தோம். இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது அந்த மூன்று வருஷம்தான். அதோடு என் உயிரையும் எடுத்தாள். சீப்பு அரிசிப் பானைக்குள் இருக்கும். வெற்றிலைக் காம்பு சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். குடித்த டம்ளரைத் தேடினால் கிணற்றுச் சுவரில் இருக்கும், அதில் ஒரு எறும்புக் கூட்டமும் இருக்கும். நான் காலையில் எழுந்ததிலிருந்து அவள் பின்னாலேயே எடுத்து வைத்துக்கொண்டு நடப்பேன்.

"மூதேவி, மூதேவி, இதை இங்கயா வெக்கறது?"

"அது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்க்கா. நீ எடுத்து வெச்சதுக்கப்பறந்தான் காணாமப் போகுது."

அந்தச் சாக்கில் ஒரு பச்சை ஸ்வெட்டர் இருந்தது. மாப்பிள்ளை போட்டிருந்தது. முழங்கை இரண்டும் ஓட்டை. ஏலக்காயும் பீடியும் அடுப்புப் புகையும் கலந்து ஒரு வாடை அதில். அதைச் சுருட்டித் தலைக்கு வைத்துத்தான் படுப்பாள். வந்த முதல் வாரமே நான் துவைக்க எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள்.

"அதை மட்டும் தண்ணியில போட்ராதேக்கா."

ஏன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியா தெரியவேண்டும்? எனக்கும் வீட்டுக்காரர் போனவர்தானே. ஆனால் அவருடைய வேட்டி சட்டையை நான் பதினாறாம் நாளே துவைத்து, மடித்து, தானம் கொடுத்தேன். எனக்கு முடிந்தது அவளுக்கு ஏன் முடியவில்லை என்றுதான் நினைத்தேன். மூன்று வருஷம் அந்த வாடை என் கண்ணுக்குள் துரும்பு மாதிரி இருந்தது.

போன வருஷம் ஆடிக்கு முந்தின நாள். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆடிக் காற்று எங்கள் பக்கத்தில் ஆளைத் தள்ளும், நடுநடுவே தூறலும் போடும். வீடெல்லாம் கழுவியாகிவிட்டது. அவள் பின்பக்கம் விளக்குத் துலக்கப் போயிருந்தாள். நான் முறத்தில் எல்லாவற்றையும் வைத்தேன். அந்த ஸ்வெட்டரையும் எடுத்து வைத்தேன். மேலே கிழிந்த பாயைப் போட்டு மூடினேன். மூடினேன் என்பதைச் சொல்லிவிடவேண்டும். தப்பென்று எனக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அவள் விளக்கோடு வாசலில் நின்றாள். காற்றுக்குச் சுடர் அணையாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டி அவள் புருஷனின் ஸ்வெட்டரைச் சுமந்துகொண்டு போனேன். திரும்பி வந்து கால் கழுவினேன். "சீதேவி உள்ளே" என்று சொல்லி அவள் முன்னால் நடந்தாள். அன்றைக்குத் தலையை ஒழுங்காக வாரியிருந்தாள். எனக்காகத்தான் வாரியிருப்பாள்.

சோறு போட்டு வைக்கும்போது உள்ளே தேடுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, அதைப் பாத்தயா?"

"எதை?"

"எதைன்னா? உனக்குத் தெரியாதா எதைன்னு?"

"போகவேண்டிய எடத்துக்குப் போச்சு."

செருப்புக்கூடப் போடாமல் வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சோடு அதைக் கட்டிக்கொண்டு வந்தாள். தூறலில் நனைந்து சாம்பலோடு ஒட்டி, அவள் கன்னத்திலெல்லாம் சாம்பல். நான் வாசற்படியில் நின்றேன்.

"அதை அங்கயே போட்டுட்டு வா."

"நனைஞ்சு போச்சுக்கா. அடுப்புக்கிட்டப் போட்டாக் காஞ்சுரும்."

"மொறத்துல போனது ஊட்டுக்குள்ள வரப்படாது. உனக்குத் தெரியாததா?"

"தெரியும். இது அவரு போட்டிருந்தது."

"அதுவும் தெரியும். போட்டுட்டு வா அம்மிணி, சோறு ஆறுது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் நகர்வேன் என்று காத்திருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் நகரவில்லை. நாளைக்கு ஆடி முதல் தேதி, இந்த வருஷம் முழுக்க இந்த வீடு எப்படி இருக்கும் என்பதுதான் என் தலைக்குள் ஓடியது.

"அப்ப நா இங்கயே இருந்துக்கறேன். மூதேவிக்கு வெளியதான எடம்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாடில்லாத கட்டுத்தரையில் போய், சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டாள். சோற்றை அங்கே கொண்டுபோய் வைத்தேன். தின்றாள். காலையில் எழுந்து வருவாள், பசி வந்தால் வருவாள், இவளுக்கு ரோஷம் ஏது என்று நினைத்தேன். விடிந்ததும் நான் குளித்துக்கொண்டிருந்தபோது முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வழக்கமாக அந்த பஸ் எங்கள் வீட்டுப் பக்கம் நிற்காது, ஆளிருந்தால்தான் நிற்கும். நின்றது. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். நான் மீதித் தண்ணீரையும் மொண்டு ஊற்றிக்கொண்டேன்.

பிறகு வீடு வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வேறு மாதிரி தெரியவில்லை. டம்ளரை வைத்தால் அங்கேயே இருந்தது. பத்து நாள் கழித்து அரிசி அளக்கப் போனேன், பானைக்குள் சீப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, உலை கொதித்து வற்றிப் பாத்திரம் கரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மலையாளத்துக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். அவரிடம் போய்க் கேட்டேன், முறத்தில் போனதைத் திருப்பி எடுக்க ஏதாவது வழி உண்டா என்று. நேராகக் கேட்கவில்லை. யாருக்கோ நடந்தது மாதிரி கேட்டேன்.

"வழி ஒண்ணும் எனக்குத் தெரியாது. அந்த சேட்ட ஆருன்னு உங்களுக்குத் தெரியுமோ?" என்றார்.

"மூதேவி."

"மூதேவின்னா?"

"அழுக்குப் பிடிச்சவ."

டீச்சர் சிரித்தார். "மூத்த தேவி. அதுதன்னே அர்த்தம். எங்களுக்கு அது ஜ்யேஷ்டா, சொல்லிச் சொல்லி சேட்ட ஆயிட்டு. அதுக்கும் மூத்தவள்னுதான் அர்த்தம். அழுக்குன்னு அந்தப் பேர்ல எங்கயும் இல்ல. பாற்கடல் கடையும்போ முதல்ல வந்தது அவள். பின்னாடிதான் லக்ஷ்மி. மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகாம எனக்கு வேண்டாம்னு இளையவள் சொல்லிட்டா. ஒரு முனிவருக்குக் கட்டிக் கொடுத்தாங்க. விளக்கு எரியற இடமும் மந்திரம் சொல்லற இடமும் அவளுக்கு ஆகல. அந்த ஆள் அவளை ஒரு அரசமரத்தடியில உக்கார வச்சு, இப்ப வரேன்னு சொல்லிட்டுப் போனான். வரவே இல்ல. சனிக்கிழமை சனிக்கிழமை தங்கச்சி வந்து பார்த்துட்டுப் போவாளாம்."

டீச்சரே மேலே சொன்னார். ஒரு காலத்தில் அவளுக்கும் கோயில் இருந்ததாம், கும்பிட ஆள் இருந்ததாம். எங்கள் குளத்தில் துவைக்கிற கல் ஒன்று உண்டு. ஒரு கோடையில் குளம் வற்றியபோது அதைப் புரட்டிப் போட்டார்கள். அடிப்பக்கத்தில் பெருத்த வயிறோடு ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காக்காய், கையில் சீமாறு மாதிரி ஏதோ ஒன்று. பார்த்துவிட்டு மறுபடி குப்புறப் போட்டுத் துவைக்க ஆரம்பித்தோம். அது அவளேதான் என்று டீச்சர் சொன்னார். அந்த முதுகில் நான் எத்தனை துணி அடித்திருப்பேன். தங்கை அதன் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எங்கள் இரண்டு பேரில் மூத்தவள் நான். இத்தனை வருஷம் அந்தச் சொல்லை நான் இளையவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். சனிக்கிழமை ஒவ்வொன்றாக வந்து போனது. யாரும் வரவில்லை. இளையவள் வராவிட்டால் மூத்தவள் போகட்டும் என்று வண்டன்மேட்டுக்குக் கிளம்பினேன். அவளுக்குப் போக வேறு இடம் ஏது?

ஐப்பசி மாதம். பொள்ளாச்சி போய், பழனி வழியாகத் தேனி, கம்பம். கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக எங்களுக்குத் தமிழ்நாட்டைச் சுற்றவேண்டும். கம்பத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கி, காலையில் மலை ஏறினேன். மடியில் அந்தச் சீப்பை முடிந்து வைத்திருந்தேன்.

வண்டன்மேட்டில் மழை நின்று குளிர் பிடித்திருந்தது. பழைய லயத்தில்தான் இருந்தாள், கூடக் காயெடுத்த ஒருத்தியின் அறையில் ஒண்டிக்கொண்டு. காயெடுக்கக் குனிய முடியவில்லை என்று, காய் உலர்த்துகிற கட்டடத்தில் தரம் பிரிக்க உட்கார வைத்திருந்தார்கள். கதவருகே நின்று பார்த்தேன். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் முன்னால் இருந்த குவியல்கள் அளந்து வைத்தது மாதிரி இருந்தன. பெரிய காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம். அவள் விரல் போகிற வேகத்தை என்னால் பின்தொடர முடியவில்லை.

அங்கிருந்த மேற்பார்வைக்காரர் என்னிடம் சொன்னார், "இந்தம்மா கைபட்டா ஒரு காம்பு இருக்காது. இங்க இவ்வளவு சுத்தமா யாரும் பிரிக்கறதில்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்துதான் போனது. அதை நான் பார்த்தேன்.

"பாருங்கடி, மூதேவியத் தேடிட்டு சீதேவி வந்திருக்கறா," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

லயத்துக்குக் கூட்டிப்போய்ப் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள். டம்ளரின் விளிம்பில் பழைய சாயாவின் கறை. எதுவும் சொல்லாமல் குடித்தேன். சீப்பைக் கொடுத்தேன்.

"அரிசிப் பானைக்குள்ள இருந்துச்சா? நாந்தான் சொன்னேனே, எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்னு."

"போலாம் வா. பஸ் இருக்குது."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். சுவரில் ஆணியில் அந்த ஸ்வெட்டர் தொங்கியது. சாம்பலை உதறியிருந்தாள், ஆனாலும் அங்கங்கே வெள்ளையாக இருந்தது.

"அதையும் கொண்டாரலாமா?" என்றாள்.

இதைக் கேட்கத்தான் நான் இரண்டு நாள் பஸ்ஸில் வந்திருந்தேன். கொண்டா என்று சொல்லிவிடவேண்டியதுதான். பழனியில் சொல்லிப் பார்த்தேன், கம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். ஒரே ஒரு சொல். என் வாய் திறந்தது.

"தொவச்சுக் கொண்டா," என்றேன்.

அவள் ஸ்வெட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டம்ளரை வாங்கிக் கழுவாமல் மூலையில் வைத்தாள்.

"பாக்கறேன்க்கா. நீ கெளம்பு. இங்க சீக்கிரம் பனி எறங்கீரும்."

பஸ்ஸில் ஏறும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவளும் இறங்கி வந்தாள், நானும் இறங்கி வந்தேன் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து அவள் பாயைத் தட்டி வெயிலில் போட்டேன். ஆணி ஒன்று அடித்து வைத்தேன், ஸ்வெட்டர் மாட்ட.

மார்கழி வந்தும் ஆள் வரவில்லை. அந்தக் கட்டடத்து மேற்பார்வைக்காரரின் நம்பரை வாங்கி வந்திருந்தேன். டீச்சரிடம் கொடுத்துப் பேசச் சொன்னேன். போனில் பேசுவது என் காதுக்குப் பிடிபடாது. அவளைக் கூப்பிடச் சொல்லி டீச்சர் பேசினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைய நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்ததும் கேட்டேன்.

"என்ன சொல்றா?"

"தொவச்சாச்சாம்."

"அப்பறம் என்ன? வரவேண்டியதுதானே?"

"அக்கா சொல்லிச்சேன்னு தொவச்சாளாம். காய வச்சு எடுத்து முகத்துல வச்சுப் பார்த்தாளாம். ஒண்ணும் இல்லையாம். ஒரு மணமும் இல்லையாம்." டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனி எங்க இருந்தா என்ன, இங்கயே இருக்கறேன்னு சொல்லச் சொன்னாள். உங்க மேல கோபம் ஒண்ணும் இல்லைன்னும் சொல்லச் சொன்னாள்."

கோபம் இருந்தால் ஏதாவது செய்யலாம். நான் எழுத்துக் கூட்டி ஒரு கடிதம் எழுதினேன். துவைத்ததானாலும் பரவாயில்லை, துவைக்காதது வேறு ஏதாவது இருந்தால் அதையும் கொண்டு வா என்று எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். பதில் வரவில்லை.

இந்த வருஷம் என் தோள் பிடித்துக்கொண்டது. கை தலைக்கு மேல் எழுவதில்லை. கொண்டை போட முடியாமல் முடியை அப்படியே விட்டிருக்கிறேன். வாசல் பெருக்குவது இரண்டு நாளைக்கு ஒரு முறை என்றாகிவிட்டது. சந்தை நாளில் மாடுகள் நடுவாசலில் சாணி போட்டுவிட்டுப் போகின்றன. போகிறவர்கள் என்னைப் பார்த்து வயசாகிப்போச்சு என்கிறார்கள். அந்தச் சொல்லை ஒருவரும் சொல்வதில்லை. அதைச் சொல்ல வீட்டுக்குள் ஒரு ஆள் வேண்டும்.

ஆடிக்கு முந்தின நாள் வந்தது. முடிந்தவரை துடைத்தேன். முறத்தில் சீமாறும் சாம்பலும் முடியும் வைத்தேன். முடி எல்லாம் என்னுடையது, வெள்ளை. அறை அறையாகச் சுற்றினேன். மூன்று தடம் கூடுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். "சேட்டை வெளியே" என்று சொல்லவில்லை. திரும்பக் கூடாது என்று தெரியும், முறம் என் கைக்கு வந்த நாளிலிருந்து திரும்பியதில்லை. திரும்பிப் பார்த்தேன். வாசல் இருட்டாக இருந்தது. விளக்கை நான் ஏற்றி வைத்துவிட்டு வந்திருக்கவேண்டும். பிடிக்கிற ஆள் ஏற்றிக்கொள்வாள் என்று பழக்கத்தில் விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

காற்று ஓங்கி அடித்தது. முறத்தில் இருந்த சாம்பலெல்லாம் கிளம்பி வந்து என் மேல் படிந்தது. தட்டிவிடக் கை எழவில்லை. அப்படியே நடந்து வீட்டுக்குள் போனேன்.